நிறுத்தி, பின்னோட்டிப் பார்க்க வேண்டிய சிரிப்பு

1984-இல் வந்த ‘டாப் சீக்ரெட்!’ படத்தில் ஒரு புத்தகக் கடைக் காட்சி உண்டு. கதைப்படி அது கிழக்கு ஜெர்மனியில் இருக்கும் ஸ்வீடிஷ் புத்தகக் கடை. கடைக்காரராக பீட்டர் குஷிங். பூதக்கண்ணாடியைக் கண்ணருகே பிடித்திருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண் மட்டும் ஊதிப் பெருத்துத் தெரிகிறது. கண்ணாடியை இறக்குகிறார். கண் அதே அளவில் இருக்கிறது. அமெரிக்கப் பாடகனும் அவனுடைய காதலியும் உள்ளே வருகிறார்கள். மூவரும் வட ஐரோப்பிய மொழி போலக் காதில் விழும் ஏதோ ஒன்றைப் பேசுகிறார்கள். கீழே சப்டைட்டில் ஓடுகிறது. சற்று நேரத்தில் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தத் தொடங்கும். நடையில் ஒரு வழுக்கல் தெரிகிறது. கையிலிருந்து வீசிய புத்தகம் உயரத்திலுள்ள அலமாரியில் போய்க் கச்சிதமாக உட்காருகிறது. கம்பத்தைப் பிடித்து வழுக்கி இறங்க வேண்டிய ஆள் வழுக்கியபடியே மேலே போகிறார்.

காட்சி முழுக்கத் தலைகீழாகப் படமாக்கப்பட்டது. நடிகர்கள் பின்பக்கமாக நடந்து, எல்லாச் செயல்களையும் கடைசியிலிருந்து முதலுக்குச் செய்தார்கள். பிறகு அந்தச் சுருளைத் திருப்பி ஓட்டினார்கள். நாம் ஸ்வீடிஷ் என்று நம்பியது பின்பக்கமாக ஓடும் ஆங்கிலம். அப்போது குஷிங்குக்கு எழுபது வயது. ‘ஹாமர்’ நிறுவனத்தின் பயங்கரப் படங்களில் பிராங்கன்ஸ்டைன் பிரபுவாகவும், 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் கொடூரத் தளபதியாகவும் உலகம் அறிந்த முகம். அவர் இந்தக் காட்சியில் ஒரு நொடிகூடச் சிரிப்பு நடிகராக மாறவில்லை. தன் ரகசியத்தைக் காப்பாற்றும் முதிய புத்தக வியாபாரி எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கிறார், அதுவும் பின்பக்கமாக.

இதைத் தியேட்டரில் பார்த்தவர்களுக்கு அது ஒருமுறை கடந்துபோன விசித்திரம். ஏதோ தவறாக இருக்கிறது என்று உணர்வதற்குள் காட்சி முடிந்துவிடும். வீட்டில் பார்ப்பவருக்கு வேறொரு வசதி இருக்கிறது. நிறுத்தலாம், திரும்பப் போகலாம், கம்பத்தில் ஏறும் காலை மட்டும் கவனிக்கலாம். உளவுப் படங்களைப் பகடி செய்யும் படங்கள் தியேட்டருக்காகவே எடுக்கப்பட்டவை என்றாலும் அவை முழுமையாகப் பார்க்கப்படுவது வீட்டில்தான் என்பது என் வாதம். இந்த வகையின் வரலாறு அதைத்தான் காட்டுகிறது. படங்களின் கட்டுமானமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

‘டாப் சீக்ரெட்!’ படத்தை இயக்கியவர்கள் மூவர்: ஜிம் ஆப்ரகாம்ஸ், டேவிட் ஸக்கர், ஜெர்ரி ஸக்கர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மாடிசன் நகரில் ‘கென்டக்கி ஃப்ரைடு தியேட்டர்’ என்ற சிறு நாடகக் குழுவை நடத்தி வந்தவர்கள். மேடையில் கேலி செய்ய டிவி விளம்பரங்கள் தேவைப்பட்டன. அதற்காக வீடியோ ரெக்கார்டரை இரவு முழுக்க ஓடவிட்டு, மறுநாள் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள். அப்படி ஓர் இரவு விளம்பரங்களோடு சேர்ந்து பதிவானது ‘ஜீரோ அவர்!’ என்ற 1957-ஆம் ஆண்டுப் படம். கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டு விமானிகள் மயங்கிவிட, பழைய போர் விமானி ஒருவர் பயணிகளைக் காப்பாற்றும் கதை. தீவிரமாக, கண்ணீர் மல்க எடுக்கப்பட்ட படம். மூவரும் அதன் உரிமையையே வாங்கி, கதையின் எலும்புக்கூட்டையும் பல வசனங்களையும் அப்படியே வைத்து ‘ஏர்ப்ளேன்!’ எடுத்தார்கள். 1980-இல் வந்த அந்தப் படத்தின் செலவு சுமார் 35 லட்சம் டாலர். அமெரிக்காவில் மட்டும் வசூல் 8 கோடி டாலருக்கு மேல்.

இந்தப் பின்னணிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நவீனப் பகடிப் படத்தின் முதல் பார்வையாளர்கள் அதை எடுத்தவர்களே. பதிவாகிக் கிடந்த டேப்பை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி, எங்கே ஒரு முகம் தேவைக்கு மேல் இறுகுகிறது, எங்கே இசை அளவுக்கு மீறிப் பதறுகிறது என்று கண்டுபிடித்தவர்கள். ஒரு படத்தை அப்படிப் பலமுறை பார்க்காமல் அதன் பழக்கவழக்கங்களை இவ்வளவு துல்லியமாகப் பிடிக்க முடியாது. அப்படிப் பிறந்த படம் அதே மாதிரியான பார்வையை நம்மிடமும் கேட்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் வீடு என்றாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 1982 மார்ச்சில் இதே மூவர் ஏபிசி தொலைக்காட்சிக்காக ‘போலீஸ் ஸ்குவாட்!’ என்ற துப்பறியும் தொடரைத் தந்தார்கள். லெஸ்லி நீல்சன் கதாநாயகன். மொத்தம் ஆறே பகுதிகள், அதோடு நிறுத்தப்பட்டது. பகுதி ஒவ்வொன்றின் முடிவிலும் அந்தக் காலத் தொடர்களின் வழக்கப்படி படம் உறைந்து நிற்கும். இங்கே உறைவது படமல்ல, நடிகர்கள். ஒரு பகுதியில் அவர்கள் அசையாமல் நிற்க, கோப்பையில் ஊற்றிய காபி மட்டும் நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும். நிறுத்தியதற்கு நிறுவனத் தலைவர் சொன்ன காரணம் பின்னாளில் பலராலும் எடுத்துச் சொல்லப்பட்டது: இதை ரசிக்கவேண்டுமானால் பார்வையாளர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறதாம். அவர் சொன்னதில் உண்மை இருக்கத்தான் செய்தது. அன்றைய டிவி, சமையலறையிலிருந்து காதில் விழுந்தாலே புரிய வேண்டிய பொருள். துணி மடித்துக்கொண்டே பார்ப்பார்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்பதைப் பதிவு செய்யப்பட்ட சிரிப்பொலி சொல்லிவிடும். 1965 முதல் 1970 வரை ஓடிய ‘கெட் ஸ்மார்ட்’ உளவுப் பகடித் தொடருக்கு அந்தச் சிரிப்பொலி இருந்தது. மெல் புரூக்ஸும் பக் ஹென்றியும் உருவாக்கிய தொடர் அது. ஷூவைக் கழற்றிக் காதில் வைத்துப் பேசும் ஒற்றனை இன்றும் அமெரிக்கர்கள் மறக்கவில்லை. ‘போலீஸ் ஸ்குவாட்!’ அந்தச் சிரிப்பொலியை வேண்டாம் என்று ஒதுக்கியது. பின்னணியில், ஓரத்தில், பேசுபவரின் தோளுக்குப் பின்னால் நகைச்சுவையை வைத்தது. தவறவிட்டதைத் திரும்பப் பார்க்க வழியில்லாத வீட்டில் அது எடுபடவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து அதே கதாபாத்திரம், அதே நடிகர், ‘த நேக்கட் கன்’ என்று பெரிய திரைக்கு வந்து வெற்றி பெற்றது. அதற்குள் அமெரிக்க வீடுகளில் பாதிக்கு மேல் வீடியோ ரெக்கார்டர் நுழைந்துவிட்டது.

அந்த நுழைவுக்குச் சட்டம் கதவைத் திறந்தது 1984 ஜனவரி 17 அன்று. சோனியின் பீட்டாமேக்ஸ் இயந்திரத்தை எதிர்த்து யுனிவர்சல், டிஸ்னி நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள், நான்கு பேர் மறுத்தார்கள். ஒரு வாக்கு மாறியிருந்தால் வீடியோ இயந்திரத்தின் கதையே வேறாகியிருக்கும். ஐந்து மாதம் கழித்து, ஜூனில், ‘டாப் சீக்ரெட்!’ தியேட்டருக்கு வந்தது. அதே மாதம் ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’, ‘கிரெம்லின்ஸ்’ இரண்டும் வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டிருந்தன. இதன் அமெரிக்க வசூல் 2 கோடி டாலரை ஒட்டி நின்றது, ‘ஏர்ப்ளேன்!’ ஈட்டியதில் கால் பங்கு. அதன் பெயரை இன்றுவரை நிலைக்க வைத்தது கேசட்டும், கேபிளும், பிறகு டிவிடியும்தான்.

படம் ஏன் தியேட்டரில் தடுமாறியது? கதை நிற்கவில்லை என்பது அன்றைய குறை. பாதி எல்விஸ் பிரெஸ்லி பாட்டுப் படம், பாதி இரண்டாம் உலகப்போர் உளவுப் படம். பனிப்போர்க் காலத்துக் கிழக்கு ஜெர்மனியில் நாஜிச் சீருடையை ஒத்த உடையில் அதிகாரிகள் உலவுகிறார்கள். அவர்களை எதிர்க்கப் பிரெஞ்சுத் தலைமறைவுப் படை ஒன்று பதுங்கியிருக்கிறது. எந்த வருடத்தில் நடக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. கதைக்காக உட்கார்ந்திருப்பவரைப் படம் கைவிட்டுவிடுகிறது, இதை மறுக்க முடியாது. ஆனால் துண்டு துண்டாகப் பார்க்கும்போது ஒவ்வொரு துண்டும் தனித்தனியே வேலை செய்து செதுக்கியது என்பது தெரிகிறது.

தொலைபேசிக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் தளபதியின் அலுவலகம். கேமராவுக்கு மிக அருகே, திரையில் பாதியை அடைத்தபடி ஒரு தொலைபேசி; தூரத்தில் சிறிதாகத் தளபதி. உளவுப் படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தெரிந்த கோணம். அருகிலிருக்கும் பொருள் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதானே. மணி அடிக்கிறது. தளபதி நடந்து வருகிறார், வரவரப் பெரிதாகிறார், தொலைபேசியை அடைந்து கையை நீட்டுகிறார். அது உண்மையிலேயே ஆளுயரப் பெட்டி போன்ற தொலைபேசி. இந்தச் சிரிப்பு வசனத்தில் இல்லை, நடிப்பிலும் இல்லை. எழுபது எண்பது வருடங்களாகச் சினிமா நமக்குக் கற்றுத் தந்த தூரக் கணக்கில் இருக்கிறது. ரயில் புறப்படும் காட்சியும் இதே போலத்தான். ஜன்னலுக்கு வெளியே நடைமேடை மெல்ல நகர்கிறது. ரயில் கிளம்பிவிட்டது என்று நம்புகிறோம். உண்மையில் நிலையம்தான் கிளம்பிப் போகிறது. கேமரா, லென்ஸ், செட், வெட்டு என்று சினிமாவின் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே எடுத்து, இது உங்களை எப்படி நம்ப வைக்கிறது பாருங்கள் என்று காட்டும் படம் இது. திரைப்படக் கல்லூரியில் முதல் வருடம் சொல்லித்தருவதைச் சிரிக்க வைத்தே சொல்லிவிடுகிறது. நிறுத்திப் பார்க்கும் வசதி கையில் இருக்கும்போது அந்தப் பாடம் மனதில் தங்குகிறது.

என் அக்கா மகன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது இந்தப் படத்தை ஒரு விடுமுறை மதியம் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். ஆங்கில வசனத்தில் பாதி அவனுக்குப் பிடிபடவில்லை. காட்சிகளுக்கு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். புத்தகக் கடை வந்ததும் சிரிப்பு நின்றது. “மாமா, கொஞ்சம் பின்னாடி போங்க” என்றான். இரண்டாம் முறை பார்த்ததும் கம்பத்தைக் கண்டுபிடித்தான். பிறகு அவனே அந்தத் துண்டைக் கணினியில் எடுத்துத் திருப்பி ஓட்டினான். மூவரும் நேராக நடந்தார்கள், ஆங்கிலம் பேசினார்கள், புத்தகங்கள் கீழே விழுந்தன. அன்று அவன் கேட்ட கேள்விகள் சிரிப்பைப் பற்றியவை இல்லை. பின்பக்கமாக நடக்கும்போது முகத்தை எப்படி இயல்பாக வைத்துக்கொண்டார்கள், எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்றெல்லாம் கேட்டான். ஒரு கலைஞனின் உழைப்பை ஒரு சிறுவன் தானாகக் கண்டுகொள்வதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது பெரிய சந்தோஷம்.

அதே படத்தில் அவனுக்கும் எனக்கும் எட்டாமல் போன இடமும் உண்டு. துரத்திவரும் வண்டி ஒன்று பிரேக் போட்டு, நின்றிருக்கும் சிறிய காரின் பின்பக்கத்தில் மெல்ல முட்டுகிறது. லேசான ஒரு தட்டுதான். உடனே எல்லாம் வெடித்துச் சிதறுகிறது. அந்தக் கார் ஃபோர்டு பின்டோ. 1970-களில் அமெரிக்காவில் பின்னாலிருந்து மோதினால் பெட்ரோல் டேங்க் தீப்பிடிக்கிறது என்று பெரும் சர்ச்சையானது. உயிர்கள் போயின, வழக்குகள் நடந்தன, 1978-இல் சுமார் 15 லட்சம் கார்களை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. 1984-இல் அமெரிக்கத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு இது அரை நொடியில் புரிந்திருக்கும். நமக்குப் படத்தை நிறுத்தி, தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. புரிந்தபின் அது வெறும் வெடிச் சிரிப்பாக இல்லை. மக்கள் உயிரோடு விளையாடிய ஒரு தொழில்துறை விவகாரத்தைப் படம் ஒரே தட்டில் நினைவூட்டுகிறது. பகடியில் காலத்தோடு கெட்டுப்போகும் பகுதி எப்போதும் இப்படி ஊர்ச் செய்தியைத் தொட்டதாகத்தான் இருக்கும். வீட்டில் பார்ப்பவரின் பொறுமை அதில் கொஞ்சத்தையாவது மீட்டெடுக்கிறது.

பகடிக்கு மூலப்படத்தின் நினைவு வேண்டும். நினைவில்லாதவருக்கு அது வெறும் கோமாளித்தனம். இந்த நினைவை எது உண்டாக்குகிறது என்பதற்கு ‘ஆஸ்டின் பவர்ஸ்’ நல்ல சாட்சி. அந்த உளவுப் பகடியை எழுதி நடித்த மைக் மையர்ஸின் தந்தை லிவர்பூலில் பிறந்து கனடாவில் குடியேறியவர். ஜேம்ஸ் பாண்ட் படங்களையும் பீட்டர் செல்லர்ஸின் நகைச்சுவையையும் மகனுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். 1991-இல் அவர் இறந்தார். பிறகொரு நாள் காரில் வரும்போது ரேடியோவில் ‘த லுக் ஆஃப் லவ்’ பாட்டைக் கேட்டதும் மையர்ஸுக்கு இந்தக் கதாபாத்திரம் தோன்றியது. அந்தப் பாட்டு இடம்பெற்ற படம் 1967-இன் ‘கேஸினோ ராயல்’, அதாவது முந்தைய தலைமுறையின் உளவுப் பகடி. தந்தையோடு பார்த்தும் கேட்டும் வளர்ந்தவற்றின் மீதான பிரியம்தான் அந்தப் படத்தை நடத்துகிறது. எவ்வளவு கொச்சையாகப் போனாலும் அதில் வெறுப்பு தட்டாததற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் படம் 1997 மே மாதம் வந்தது. அமெரிக்க வசூல் சுமார் 5.4 கோடி டாலர், மோசமில்லை, அவ்வளவுதான். அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் டிவிடி அமெரிக்கக் கடைகளுக்கு வந்திருந்தது. கேசட்டிலும் வட்டிலும் படம் கைமாறி, கல்லூரி விடுதிகளில் திரும்பத் திரும்ப ஓடி, வசனங்கள் அன்றாடப் பேச்சில் கலந்தன. 1999-இல் இரண்டாம் பாகம் வெளியானபோது முதல் வார இறுதி மூன்று நாட்களில் மட்டும் சுமார் 5.5 கோடி டாலர். முதல் படம் ஓடி முடித்துச் சேர்த்த மொத்தத் தொகையை மூன்று நாளில் தாண்டியது. இடைப்பட்ட இரண்டு வருடங்களில் அந்தக் கூட்டத்தை உருவாக்கியவை வீடுகள்.

டாக்டர் ஈவில் என்ற வில்லனைப் பாருங்கள். மொட்டைத்தலை, முகத் தழும்பு, சாம்பல் நிற மூடிய காலர் சட்டை, மடியில் பூனை. இது 1967-இன் ‘யு ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்தில் டொனால்ட் பிளசென்ஸ் நடித்த புளோஃபெல்ட். பொத்தானை அழுத்தியதும் தோற்றுப்போன அடியாள் நாற்காலியோடு காணாமல் போவது 1965-இன் ‘தண்டர்பால்’ படத்துக் கூட்ட அறையிலிருந்து வந்தது. முப்பது வருடம் முந்தைய படங்களை 1997-இல் இருபது வயதுக்காரர் எப்படி அறிந்திருப்பார்? 1972-இல் ‘கோல்ட்ஃபிங்கர்’ அமெரிக்கத் தொலைக்காட்சிக்கும், 1975-இல் ‘டாக்டர் நோ’ பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கும் வந்தன. அன்று தொடங்கி விடுமுறை நாட்களில் பாண்ட் படம் வீட்டுப் பழக்கமாகிவிட்டது. பகடிக்கான அகராதியை டிவி இலவசமாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

உறைபனியிலிருந்து எழுந்த டாக்டர் ஈவில் உலகத்தை மிரட்டிக் கேட்கும் தொகை பத்து லட்சம் டாலர். அவனுடைய ஆட்களே சங்கடத்தில் நெளிகிறார்கள். இதற்கு அடியில் ஓர் உண்மை இருக்கிறது. ‘யு ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்துக்காகக் கென் ஆடம் பைன்வுட் ஸ்டூடியோவில் எழுப்பிய எரிமலைக் கோட்டை செட்டுக்கு மட்டும் அன்றைக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் செலவானது. முதல் பாண்ட் படத்தின் மொத்தச் செலவே கிட்டத்தட்ட அவ்வளவுதான். வில்லன் கேட்ட தொகை அவன் வீட்டுக்கு ஆன தச்சுக்கூலி என்று தெரிந்ததும் அந்தக் காட்சியின் ருசியே கூடிவிடுகிறது.

பாடலைத் தந்த 1967-இன் ‘கேஸினோ ராயல்’ வீட்டிலும் தேறாத படம். இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நிறுத்திப் பார்த்தால் எல்லாம் நன்றாகிவிடும் என்பதில்லை. பாண்டைப் படைத்த ஃப்ளெமிங்கின் அந்த ஒரு நாவலின் உரிமை மட்டும் தனியே விற்கப்பட்டுச் சார்லஸ் ஃபெல்ட்மேன் கையில் இருந்தது. டேவிட் நிவன், பீட்டர் செல்லர்ஸ், ஆர்சன் வெல்ஸ், உர்சுலா ஆண்ட்ரஸ், உடி ஆலன் என்று எல்லோரையும் கூட்டினார். ஐந்து இயக்குநர்கள் பெயர் திரையில் வருகிறது. செல்லர்ஸும் வெல்ஸும் ஒரே மேசையில் எதிரெதிரே சீட்டாட வேண்டிய காட்சிக்கு ஒன்றாகப் படப்பிடிப்புக்கு வர முடியாத அளவுக்குப் பகை. படத்தில் பணம் தெரிகிறது, பர்ட் பகராக்கின் இசை காதுக்கு இனிக்கிறது, ஆனால் எந்தப் பாண்ட் படத்தையும் யாரும் உட்கார்ந்து கவனித்த அடையாளம் இல்லை. பகடி செய்பவனுக்கு மூலத்தின் மீது ஆழ்ந்த கவனம் வேண்டும். அது இல்லாத இடத்தில் நட்சத்திரங்கள் வந்து நின்றுவிட்டுப் போகிறார்கள்.

கவனம் என்றால் என்ன என்பதற்குப் பிரான்ஸிலிருந்து வந்த ஒரு படத்தைச் சொல்வேன். ஓஎஸ்எஸ் 117 என்ற ஒற்றனை ழான் புரூஸ் என்ற எழுத்தாளர் 1949-இலேயே படைத்துவிட்டார். ஃப்ளெமிங்கின் முதல் பாண்ட் நாவல் வந்தது 1953-இல். அறுபதுகளில் அந்த நாவல்கள் தீவிரமான சாகசப் படங்களாக வந்தன. 2006-இல் மிஷேல் ஹஸனாவிஷியஸ் அதே ஒற்றனை, ழான் துஜார்தானை நடிக்க வைத்து, பகடியாக்கினார். கதை 1955-இல் கெய்ரோவில் நடக்கிறது. ஒளி, நிறம், கார் ஓட்டும்போது ஜன்னலுக்குப் பின்னால் ஓடும் பொய்யான தெரு, எல்லாமே அந்தக் காலப் படமாகவே இருக்கிறது. ஒற்றன் மறைவிடமாக ஒரு கோழி வியாபாரத்தை நடத்துகிறான். விளக்கைப் போட்டால் கோழிகள் கத்துகின்றன, அணைத்தால் அடங்குகின்றன. இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் உலகச் சதியை மறந்து சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறான். எகிப்தியத் தொழிலாளிக்கு அன்பளிப்பாகப் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ரெனே கோட்டியின் படத்தைக் கொடுக்கிறான். அவனுடைய அறியாமை தனிமனித முட்டாள்தனம் இல்லை. காலனிய ஆட்சி தன்னைப் பற்றி வைத்திருந்த நல்லெண்ணம் அது. ஒரு நாடு தன் பழைய படங்களின் வழியாகத் தன்னையே விசாரித்துக்கொள்வதை இவ்வளவு சிரிப்போடு வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இந்த ஒற்றனுக்குத் தமிழோடு ஓர் உறவு உண்டு. 1966-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்து, ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவன்’ ஓஎஸ்எஸ் 117 வரிசைப் படம் ஒன்றைத் தழுவியது என்று தமிழ் சினிமா வரலாறு எழுதுவோர் குறிப்பிடுவதுண்டு. அந்தத் தொப்பி, அந்தத் துப்பாக்கிப் பிடி, கேபரே நடனம் நடக்கும் விடுதியில் புகை வழியே பார்க்கும் பார்வை எல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தவை. எனவே துஜார்தானின் புன்னகை அவர்களுக்கு அந்நியமாக இருக்காது. பகடிக்குத் தேவையான நினைவு இங்கேயும் வீட்டுத் திரை வழியாகத்தான் கட்டப்பட்டது. எண்பதுகளில் டெக்கையும் டிவியையும் வாடகைக்கு எடுத்து விடிய விடியக் கேசட் போட்டார்கள். பிறகு வந்த தனியார் சேனல்கள் பழைய படங்களை ஓயாமல் ஓட்டின. 2010-இல் சி. எஸ். அமுதனின் ‘தமிழ் படம்’ வந்தபோது ஒவ்வொரு காட்சியும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று அரங்கமே சொல்ல முடிந்தது அந்த இருபது முப்பது வருட வீட்டுப் பார்வையால்தான்.

இந்தப் படங்களை மறுபடி பார்க்கும்போது எனக்கு மேலும் மேலும் பிடிபடுவது முகங்கள். ‘டாப் சீக்ரெட்!’ படத்தில் ஓமர் ஷெரிஃப் நடித்த ஒற்றர் காரோடு சேர்த்து இயந்திரத்தில் நசுக்கப்படுகிறார். கார் சதுரக் கட்டியாகிவிடுகிறது. அந்தக் கட்டிக்குள்ளிருந்து தலையும் கைகால்களும் நீட்டியபடி அவர் தன் கடமையைத் தொடர்கிறார். முகத்தில் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் பார்த்த அதே கண்ணியம். அந்தப் படத்துக்கு இசையமைத்த மோரிஸ் ஜார்தான் இதற்கும் இசை. அவரும் நகைச்சுவை இசை தரவில்லை. உண்மையான போர்ப் படத்துக்குத் தரும் வாத்திய முழக்கத்தையே தந்தார். பாடகனாகத் தன் முதல் படத்தில் நடிக்கும் வால் கில்மர் எல்லாப் பாட்டையும் சொந்தக் குரலில், முழு ஈடுபாட்டோடு பாடுகிறார். 2025-இல் அவர் மறைந்தபோது உலகம் ‘டாப் கன்’ படத்தை நினைத்தது. எனக்கு நினைவு வந்தது நீருக்கடியில் நடக்கும் மதுக்கடைச் சண்டை. மேசை நாற்காலிகள், சீட்டாடுபவர்கள், கண்ணாடிப் புட்டிகள் எல்லாம் ஆற்றின் அடியில் இருக்க, கௌபாய் படத்தின் ஒவ்வொரு அடியும் நீரின் மெதுவான வேகத்தில் விழுகிறது. அந்த இளைஞன் அதை வாழ்வா சாவா என்பது போல் நடித்திருக்கிறான்.

‘ஜானி இங்கிலீஷ்’ எழுதியவர்களைப் பற்றிய செய்தியும் இங்கே பொருந்தும். வங்கிக் கடன் அட்டை விளம்பரங்களில் ரோவன் அட்கின்சன் ஏற்ற திறமையற்ற ஒற்றனிலிருந்து கிளைத்தது 2003-இல் வந்த அந்தப் படம். அவரே 1983-இல் ஷான் கானரியின் ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ படத்தில் சிறு வேடத்தில் வந்தவர். கதை எழுதிய மூவரில் நீல் பர்விஸ், ராபர்ட் வேட் இருவரும் அதற்கு முன் ‘த வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்’, ‘டை அனதர் டே’ என்ற நிஜ பாண்ட் படங்களை எழுதியவர்கள். பகடி எழுதிவிட்டுத் திரும்பிப் போய் 2006-இன் ‘கேஸினோ ராயல்’ படத்திலும் பங்கேற்றார்கள். ‘டை அனதர் டே’யின் மறையும் காரிலிருந்து 2006-இன் ரத்தம் கசியும் பாண்டுக்கு அந்த வரிசை மாறியதில் பகடிகளுக்குப் பங்குண்டு. ‘ஆஸ்டின் பவர்ஸ்’ வந்தபின் பழைய வேடிக்கைகளைச் செய்யவே முடியாமல் போயிற்று என்று அந்தப் பாண்டாக நடித்த டேனியல் கிரெய்க் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் இழப்பதும் இருக்கிறது. சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க நரம்பியல் உளவியலாளர் ராபர்ட் புரொவைன், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். முந்நூறு பேர் நிறைந்த அரங்கில் ஒரு சிரிப்பு மறு சிரிப்பைக் கிளப்பும். அடுத்த வசனம் அதில் அமுங்கிப் போவது அதற்கான விலை. வீட்டில் தனியே பார்ப்பவருக்கு எல்லாம் கேட்கிறது, எல்லாம் தெரிகிறது, ஆனால் வாய்விட்டுச் சிரிப்பது குறைகிறது. அதனால் இந்த வகைப் படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள் என்றே நான் சொல்வேன். மூன்று தலைமுறை உட்கார்ந்தால் இன்னும் நல்லது. பாட்டிக்கு ஜெய்சங்கர் தெரியும், அப்பாவுக்குப் பாண்டாக நடித்த ரோஜர் மூர் தெரியும், பேரனுக்கு முன்முடிவே இல்லாத கண் இருக்கிறது. ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடித்துச் சொல்லும்போது படம் நிறைகிறது.

இன்றைய இணையத் திரைச் செயலிகள் இந்தப் பார்வைக்கு ஒருபுறம் உதவி, மறுபுறம் கெடுக்கின்றன. பத்து நொடி பின்னே போக ஒரு பொத்தான் தருகின்றன. அதே கையோடு, கதை முடிந்து பெயர்ப்பட்டியல் தொடங்கிய மறுகணம் திரையைச் சுருக்கி ஓரத்தில் தள்ளி அடுத்த படத்தைக் கிளப்பிவிடுகின்றன. ஆப்ரகாம்ஸும் ஸக்கர் சகோதரர்களும் பெயர்ப்பட்டியலையும் விட்டுவைத்தவர்கள் அல்லர். ‘ஏர்ப்ளேன்!’ படத்தின் முடிவில் ஒளிப்பதிவு உதவியாளர்கள், தச்சர்கள் பெயர்களுக்கு நடுவே, படத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லாமல், ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ நூலின் ஆசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் என்று ஒரு வரி போகிறது. பெயர் ஓடத் தொடங்கியதும் ரிமோட்டை எடுத்துத் திரையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து கடைசி எழுத்துவரை ஓடவிடுங்கள். எழுந்து போகக் கிளம்பியவர்களையும் உட்காரச் சொல்லுங்கள்.